கோழியின் நிறம் வேறு, இனம் வேறு: புதிதாக வளர்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இப்போது வீட்டுக்கு ஒரு கோழிக்கூண்டாவது இருக்கிறது. மாலை நடையின்போது அவற்றை எட்டிப் பார்த்தால், பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த தவறுகளே வேறு வேறு வேலிகளுக்குள் நடந்துகொண்டிருக்கின்றன. தண்ணீர் வைக்க மறப்பது, மூசாங் (மரநாய்) நுழையும் ஓட்டையை அடைக்காமல் விடுவது போன்றவற்றை அனுபவமே ஒரு வாரத்தில் திருத்திவிடும் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். இனம் தெரியாமல் வாங்கியதன் நட்டம் தெரியவரப் பல மாதங்கள் ஆகும்.

கலப்பினத்தைத் தூய இனமென்று நம்பிக் குஞ்சு எடுப்பது

சந்தையில் முட்டைக்கோழி என்ற பெயரில் கிடைக்கும் பழுப்புநிறப் பெட்டை ஓர் இனமே அல்ல. ரோட் ஐலண்ட் ரெட் போன்ற செந்நிற வழியில் வந்த சேவலையும், வெள்ளிநிற மரபணுவைச் சுமக்கும் வேறொரு வழியில் வந்த பெட்டையையும் இணைத்துப் பெற்ற முதல் தலைமுறைக் கலப்பு அது. அந்த மரபணு பாலினக் குரோமோசோமில் இருப்பதால், தாய்க்கோழி அதை ஆண் குஞ்சுகளுக்கு மட்டுமே கொடுக்கும். ஆகவே ஆண் குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் பெண் குஞ்சு பழுப்பாகவும் பொரிக்க, பொரிப்பகத்தில் முதல் நாளே இரண்டையும் பிரித்துவிடுகிறார்கள்.

இந்த நிறக்கணக்கை அரைகுறையாகக் கேட்டறிந்திருந்த நான், அத்தகைய பெட்டைகளை ஒரு ரோட் ஐலண்ட் ரெட் சேவலோடு விட்டு, முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தேன். முப்பத்தொரு குஞ்சுகளும் பழுப்பாகவே பொரித்தன. அத்தனையும் பெட்டை என்று பூரித்துப்போய், குஞ்சு எட்டு வெள்ளி (ரிங்கிட்) என்று அக்கம்பக்கத்தில் விற்றும்விட்டேன். மூன்றாம் மாதம் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேல் தலையை நீட்டி, "தம்பி, உங்க பெட்டைக்கோழி காலையில அஞ்சு மணிக்கே கூவுது, வந்து என்னான்னு கேளுங்க" என்றார்.

முப்பத்தொன்றில் பதினாறு சேவல்கள். தாய்ப்பெட்டை தன் தந்தையிடமிருந்து செந்நிற மரபணுவை மட்டுமே பெற்றிருந்ததால், ஆண் குஞ்சுக்குக் கொடுக்க அதனிடம் வெள்ளிநிறமே இல்லை என்பதை அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தது போக, தீவனச் செலவுக்கும் சிலருக்கு ஈடு செய்தேன். மிஞ்சிய பெட்டைகளோ, ஆண்டுக்கு ஏறத்தாழ முந்நூறு முட்டை இட்ட தாய்களின் நிறத்தை மட்டும் கொண்டிருந்தன. சில நன்றாக இட்டன, சில வாரத்துக்கு மூன்றோடு நின்றன.

அண்மையில்கூட ஓர் இளைஞர் இதே பழுப்புப் பெட்டைகளைத் தூய ரோட் ஐலண்ட் ரெட் என்று சொல்லி இரட்டிப்பு விலைக்கு விற்றவரிடம் வாங்கி வந்து காட்டினார். எனக்கு அன்று இரவு முழுவதும் எரிச்சல் அடங்கவில்லை. முட்டைக்காக என்றால் கலப்பினத்தைத் தாராளமாக வாங்குங்கள். அதை மிஞ்ச ஆளில்லை. குஞ்சு எடுத்து இனம் பெருக்குவதாக இருந்தால், விற்பவரின் கூண்டுக்கே போய்த் தாயையும் தந்தையையும் பார்த்த பிறகு காசை எடுங்கள்.

குளிர்நாட்டுக் கோழியை வெயிலில் விடுவது

பிரம்மா என்ற பெயரைக் கேட்டு நம்மூர்ச் சாமிக்கோழி என்று எண்ணிவிடாதீர்கள். அதன் முன்னோர் ஷாங்காய்த் துறைமுகத்திலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவை. அங்கே உருவான அந்த இனத்தில் ஒன்பது கோழிகள் 1852இல் விக்டோரியா மகாராணிக்குப் பரிசாக அனுப்பப்பட்டன. அடர்ந்த இறகும் சிறிய கொண்டையும் பனிக்குப் பொருத்தமானவை. வியர்க்காத பறவையான கோழி, மூச்சிரைத்தும் கொண்டை வழியாகவும்தான் சூட்டை வெளியேற்றுகிறது. நான் வளர்த்த பிரம்மாச் சேவல் ஒரு பங்குனி மத்தியானத்தில், கால் இறகில் செம்மண் சேறு காய்ந்து கட்டிபிடித்திருக்க, வாயைத் திறந்தபடியே செத்துக் கிடந்தது. நம் வெயிலுக்குக் கழுத்தில் இறகில்லாத கோழி எவ்வளவோ மேல். பார்க்க அழகில்லை என்பதால் அதை யாரும் கேட்பதில்லை.

இறகு கறுப்பென்றால் செமானி என்பது

வாயைத் திறந்து பாருங்கள். ஜாவாவின் கறுப்புக்கோழி இனமான செமானிக்கு உள்வாயும் கறுப்பு.

குட்டைக்காலோடு குட்டைக்காலைச் சேர்ப்பது

ஜப்பானின் சாபோ இனத்தில் கால்களைக் குட்டையாக்கும் மரபணு இருபக்கமிருந்தும் வந்துவிட்டால், கரு முட்டைக்குள்ளேயே மடிந்துவிடும். நான்கில் ஒன்றுக்கு அதுதான் கதி. அதற்காக இன்குபேட்டரைக் குறைசொல்லி, நான் ஒன்றுக்கு இரண்டாக வாங்கினேன்.

கிளந்தானின் செராமாவைக் குழம்புக்கு வாங்குவது

செராமா மிகச் சிறிய அழகுக்கோழி இனம். முழுக்கோழியே அரைக் கிலோ தேறாது.