போக்கர்ல கால் பண்றதா, ஃபோல்டா, ப்ளஃபா?

கால்னா எதிராளி போட்ட அளவு நீங்களும் போட்டு தொடர்றது, ஃபோல்டுன்னா சீட்டை மடிச்சு விலகுறது, ப்ளஃப்னா கையில ஒண்ணும் இல்லாம பெருசா போட்டு எதிராளியை மடிக்க வைக்கிறது. புதுசா ஆடுறவங்க எல்லாரும் கையில இருக்க சீட்டையே பாத்துட்டு இருப்பாங்க, ஆனா முதல்ல பாக்க வேண்டியது பாட்ல (எல்லாரும் போட்டு நடுவுல குவிஞ்ச காசு) எவ்ளோ கிடக்கு, அடுத்த கார்டை பாக்க நம்மகிட்ட எவ்ளோ கேக்குறாங்கங்கறதுதான். (2025 சட்டப்படி இந்தியாவுல ஆன்லைன்ல காசு கட்டி ஆடுறதுக்கு தடை, அதனால வீட்ல பிளாஸ்டிக் சிப்ஸ் வச்சே பழகுங்க, கணக்கு ஒண்ணுதான்.)

டெக்ஸாஸ் ஹோல்டம்ல (ஆளுக்கு ரெண்டு சீட்டு, எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டுன்னு ஆடுற போக்கர்) ஒரு கை பாப்போம். உங்ககிட்ட ஆர்ட்டின் 10, ஆர்ட்டின் 9. ஃப்ளாப்ல, அதாவது முதல்ல திறக்குற மூணு பொது சீட்டுல, ஆர்ட்டின் ராஜா, ஆர்ட்டின் 6, கிளாவர் 2. ஃப்ளஷுக்கு (ஒரே இனத்துல அஞ்சு சீட்டு) இன்னும் ஒரே ஒரு ஆர்ட்டின் வேணும், 13ல 4 தெரிஞ்சு போச்சு, மீதி 9. நீங்க பாக்காத கார்டு 47, அப்போ டர்ன்ல (நாலாவது பொது சீட்டு) விழுற சான்ஸ் 19%. டேபிள்ல உக்காந்து வகுத்துட்டு இருக்க முடியாது, 9ஐ ரெண்டால பெருக்குங்க, 18, கிட்டத்தட்ட வந்துடும்.

பாட்ல 200 இருக்கு, எதிராளி 50 போடுறார். நீங்களும் 50 போட்டா மொத்தம் 300, அதுல உங்க பங்கு ஆறுல ஒண்ணு, 17%. சான்ஸ் 19, விலை 17, தாராளமா கால் பண்ணுங்க. அதே ஆளு 200 போட்டா விலை 33% ஆயிடுது, மனசு கேக்காது, இருந்தாலும் ஃபோல்ட் பண்ணிடுங்க. ஆனா அந்த 200ஓட அவர் ஆல்-இன்னா (கையில இருக்க மொத்தத்தையும் போட்டுட்டார்னா) கதையே வேற, மேல எதுவும் போடாம டர்ன், ரிவர் (கடைசி, அஞ்சாவது பொது சீட்டு) ரெண்டையும் பாத்துடலாம், சான்ஸ் 35% ஆயிடும், கால். 100 போட்டா 25%, இதுதான் இழுபறி, ஃப்ளஷ் அடிச்சப்புறம் அவர்கிட்ட இன்னும் கறக்கலாம்னு தோணுச்சுன்னா போங்க, மூணாவது ஆர்ட்டினை பாத்ததுமே பயந்து ஒதுங்குற ஆளுன்னா வேணாம்.

ப்ளஃப்புக்கு கணக்கு கம்மி, ரிவர்ல பாட் 400, நீங்க 200 போட்டா மூணுல ஒரு தடவை அவர் மடிச்சாலே கைக்காசு போகாது. கஷ்டம் எங்கன்னா, முதல்லேந்து நீங்க ஆடினது அந்த பொய்க்கு ஒத்துப்போகணும். ஃப்ளாப்லயும் டர்ன்லயும் சத்தமில்லாம கால் பண்ணீங்க, ரிவர்ல மூணாவது ஆர்ட்டின் விழுது, உங்க கையில ஆர்ட்டின் ஏஸ் மட்டும் தனியா இருக்கு, ஃப்ளஷ் இல்ல. இப்போ பெருசா போடுங்க, நீங்க ஃப்ளஷுக்குத்தான் காத்துட்டு இருந்தீங்கன்னு அவருக்குத் தோணும், ஏஸ் உங்ககிட்ட இருக்கறதால ஏஸோட வர்ற பெரிய ஃப்ளஷ் அவர்கிட்ட இருக்கவும் முடியாது. ஆனா மூணு பேர் இன்னும் மடிக்காம ஆட்டத்துல இருந்தா இதை ட்ரை பண்ணாதீங்க, ஒரு ஜோடி வச்சுக்கிட்டு எதுக்கும் மடிக்காம கால் பண்றவர்கிட்டயும் வேணவே வேணாம், உங்களுக்கு நல்ல கை வரும்போது மட்டும் அவர்கிட்ட நல்லா போட்டு வாங்குங்க.