சாப்பாட்டு டப்பா பாதியோடு திரும்பி வருகிறதா?

பள்ளிக்குப் போகும் குழந்தைக்குக் காலையில் பார்த்துப் பார்த்துக் கட்டிக் கொடுத்தது சாயங்காலம் அப்படியே திரும்பி வந்தால், "இவன் எதையுமே சாப்பிட மாட்டான்" என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் கோளாறு நாம் கட்டுவதில்தான் இருக்கிறது.

முதலில் மூடியைப் பாருங்கள். நாலு பக்கமும் கிளிப், உள்ளே இறுக்கிப் பிடிக்கிற ரப்பர் வளையம் என்று இருக்கும் டப்பாவை நாம் ஒரே இழுப்பில் திறந்துவிடுவோம். ஐந்து வயது விரல்களுக்கு அது பெரிய வேலை. எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுக்கப் பழ டப்பா மட்டும் தொடாமல் வந்தது. பிடிக்கவில்லை போல என்று நானும் பழத்தை மாற்றி மாற்றி வைத்தேன். கடைசியில் பார்த்தால், குழந்தைக்கு அதைத் திறக்கவே வரவில்லை. யாரிடமும் கேட்கக் கூச்சம் வேறு. புது டப்பா வாங்கினால் வீட்டிலேயே நாலு தடவை குழந்தையைத் திறந்து மூட விடுங்கள். ஆரஞ்சு வைத்தால் உரித்து, சுளை பிரித்து, விதை எடுத்து வையுங்கள்.

அடுத்த தவறு, அளவு. நம் பசியை வைத்து அமுக்கி நிரப்புகிறோம். சின்ன வயிறு, குறைந்த நேரம், பக்கத்தில் பேச்சுக்கு ஆள். மலை மாதிரி சோற்றைப் பார்த்ததுமே அலுத்துவிடும். கொஞ்சமாக வையுங்கள், காலியாகி வந்தால் மறுநாள் ஒரு கரண்டி கூட்டலாம்.

சூடு விஷயத்தில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள். ஆவி பறக்கப் போட்டு மூடினால், ஆவி மூடியில் நீராகக் கோத்துச் சொட்டி, மதியத்துக்குள் எல்லாம் நசநசத்துவிடும். அதோடு, 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். சீக்கிரம் கெடக்கூடிய உணவை அந்த வெதுவெதுப்பில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடக்கூடாது. அதனால் ஒன்று, சூடு தாங்கும் பிளாஸ்க்கில் ஐந்து பத்து நிமிடம் கொதிநீர் ஊற்றி வைத்து, அதைக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்க உணவைப் போடுங்கள். இல்லையென்றால் நன்றாகக் குளிர வைத்து, ஐஸ் பேக்கோடு அனுப்புங்கள். முந்தின நாள் சோற்றில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் வளரும் ஒரு வகை பாக்டீரியாவின் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

முழுத் திராட்சையும் முழுப் பருப்புக் கொட்டைகளும் தொண்டையில் அடைக்கும். ஐந்து வயதுக்குக் கீழ் என்றால் திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்குங்கள், கொட்டைகளைப் பொடியாகவே கொடுங்கள். நிலக்கடலை வைக்கும் முன் பள்ளியில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது. ஒவ்வாமை உள்ள பிள்ளை அதே வகுப்பில் இருக்கலாம்.

ஜூஸ் பாக்கெட்டைப் பழத்துக்கு ஈடாக நினைப்பதும் தவறுதான். தனியாகச் சர்க்கரை சேர்க்காத ஆப்பிள் ஜூஸ் 200 மில்லியிலேயே சுமார் 20 கிராம் சர்க்கரை இருக்கும், அதாவது ஐந்து டீஸ்பூன். குடிக்கத் தண்ணீரே போதும்.

அப்புறம், இதுவரை தொடாத காய்கறியை டப்பாவில் அறிமுகம் செய்யாதீர்கள். பத்துப் பதினைந்து தடவை ருசி பார்த்த பிறகே சில குழந்தைகள் ஒரு புது உணவை ஏற்றுக்கொள்ளும். அந்தப் பரிசோதனையை வீட்டுச் சாப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

டப்பா கழுவும்போது அந்த ரப்பர் வளையத்தையும் கழற்றிப் பாருங்கள். அடியில் கறுப்பாகப் படிந்திருப்பது பூஞ்சை.