வீட்டுப் பட்டியலுக்கு முன் மனைப் பட்டியல்: ஊராட்சித் திட்டமிடலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிராம சபைக்கு முந்தின நாள் ராத்திரி ஊராட்சி அலுவலகத்தில் விளக்கு எரிந்தால், உள்ளே போன வருடத் தீர்மானத்தைப் பார்த்துப் புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். தலைவரும் வார்டு உறுப்பினரும் செயலரும் மாறுகிறார்கள். தவறு மட்டும் அப்படியே இருக்கிறது. கையெழுத்து விடுபடுவது, தேதி மாறுவது மாதிரியானவை இங்கே வேண்டாம். அவை தணிக்கையில் தானாகவே பிடிபடும்.

மனையைப் பார்க்காமல் பயனாளியைத் தேர்ந்தெடுப்பது

விலை அதிகம் கொடுக்கவைக்கும் தவறு இதுதான். இன்னும் எரிச்சலூட்டுவதும் இதுதான்.

குடிசைக்குப் பதில் வீடு கட்டத் தமிழக அரசு பணம் தரும் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. மீதி 60 சதுர அடிக்குத் தீப்பிடிக்காத வேறு கூரையைப் பயனாளியே முடிவு செய்யலாம். குடிசையில் இருக்க வேண்டும், சொந்த மனைக்குப் பட்டா இருக்க வேண்டும். முதல் நிபந்தனையைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்பதால் எல்லோரும் அதோடு நின்றுவிடுகிறார்கள்.

வாய்க்கால் கரையில் முப்பது வருடமாகக் குடியிருக்கும் தனித்த பெண்மணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரிலேயே மோசமான குடிசை அவருடையதுதான். கிராம சபையில் முதல் பெயராகச் சொன்னால் ஒருவரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். ஒன்றியத்திலிருந்து ஓவர்சியர் வந்து புல எண்ணைப் பார்ப்பார்; 'வாய்க்கால் புறம்போக்கு' என்று இருக்கும். அதோடு முடிந்தது. மாற்றுப் பெயர் தயாராக இல்லாத ஊராட்சியின் ஒதுக்கீடு, தயாராக இருக்கும் பக்கத்து ஊராட்சிக்குப் போகும். அடுத்த வருடமும் அவர் பெயர்தான் முதலில் வரும். அதே காரணத்துக்காக மறுபடி விழும்.

'அதிகாரி தடுத்துவிட்டார்' என்று பேசிப் பயனில்லை. நீர்நிலைப் புறம்போக்கில் யார் நினைத்தாலும் பட்டா தர முடியாது. வீட்டுக்குப் பெயர் கேட்பதற்கு ஒரு வருடம் முன்பே மனையைக் கேட்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டியது இது. குடிசைகளைத் தெருவாரியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே புல எண், உட்பிரிவு எண் போடுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டில் (எந்த நிலம் யாருடையது, என்ன வகை என்று சொல்லும் பதிவேடு) ஒத்துப்பாருங்கள். வருவாய்த் துறையின் இணையச் சேவையிலும் பார்க்கலாம். பட்டியல் தானாகவே நான்காகப் பிரியும்.

சொந்தப் பெயரில் பட்டா உள்ளவர்கள் நேராக வீட்டுப் பட்டியலுக்கு. தாத்தா பெயரிலோ கூட்டுப் பட்டாவிலோ இருந்தால் வாரிசுச் சான்று, உட்பிரிவு, பெயர் மாற்றம் என்று வேலை இருக்கிறது. சர்வேயர் வந்து அளந்து போக மாதங்கள் ஆகும், இன்றே மனு போட வேண்டும். நத்தத்தில், அதாவது குடியிருப்புக்கென்று ஒதுக்கிய ஊர் நிலத்தில், பட்டா இல்லாமல் இருப்பவர்களுக்கு வழி இருக்கிறது, வட்டாட்சியரிடம் மொத்தமாகக் கொண்டுபோகலாம். நான்காவது, வாய்க்கால், ஏரி, ஓடை, சாலை ஓரத்தில் இருப்பவர்கள். இவர்களுக்கு வேறு இடம்தான் தீர்வு.

இந்த நான்காவது பிரிவில்தான் ஊராட்சியின் சொல்லுக்கு மதிப்பு. 'மனை வழங்க வேண்டும்' என்று பொதுவாக எழுதாமல், எந்தப் புல எண்ணில் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்று எழுதித் தீர்மானம் போடுங்கள். ஊராட்சிக்கு உட்பட்ட புறம்போக்காக இருந்தால் வகைப்பாடு மாற்றத்துக்கு வருவாய்த் துறை கேட்கும் முதல் காகிதமே அந்தத் தீர்மானம்தான். குடும்பத்துக்கு 3 சென்ட் என்றால் சுமார் 1,300 சதுர அடி. இருபது குடும்பத்துக்கு 60 சென்ட். பாதைக்கும் வடிகாலுக்கும் சேர்த்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாகத் தேடினால் போதும்.

இன்னொன்றும் இதோடு ஒட்டியதே. பணம் வேலை முடிந்த நிலைக்கு ஏற்பத் தவணையாக வரும். அடித்தளம் போட்டு, ஓவர்சியர் அளந்து, எம்.புக்கில் (அளவுப் புத்தகம்) ஏற்றிய பிறகுதான் முதல் தவணை. அந்த அடித்தளத்துக்கான கைக்காசு பரம ஏழையிடம் இருக்காது; வட்டிக்கு வாங்குவார், இல்லாவிட்டால் அடித்தளத்துக்குக் குழி தோண்டியதோடு நிற்பார். பெயர் வந்த வாரமே மகளிர் குழுக் கடனுக்கு எழுதிவையுங்கள். உத்தரவு வந்த பிறகு என்றால் நேரம் போய்விடும்.

நிதியின் தலைப்பைப் படிக்காமல் வேலையை வரிசைப்படுத்துவது

பத்து லட்சம் வருகிறது என்று கேட்டதும் பத்து லட்சத்துக்கும் சிமென்ட் சாலை எழுதுகிறார்கள். பதினைந்தாவது நிதிக்குழு மானியம் 2021-22 முதல் 2025-26 வரை எப்படி வந்தது என்று பாருங்கள்: 60 சதவீதம் கட்டுண்ட நிதி (சொன்ன வேலைக்கு மட்டும்), 40 சதவீதம் கட்டற்ற நிதி (ஊராட்சி தேர்ந்தெடுக்கும் வேலைக்கு). கட்டுண்டதில் பாதி சுகாதாரத்துக்கு, பாதி குடிநீருக்கும் மழைநீர்ச் சேகரிப்புக்கும். ஆக அந்தப் பத்தில் மூன்று கழிவுநீர், குப்பைக்கு, மூன்று குடிநீருக்கு, சாலையும் தெருவிளக்கும் போட்டிபோட மிஞ்சியது நான்குதான். அந்த நான்கிலும் சம்பளம் கொடுக்க அனுமதி இருக்கவில்லை.

அதனால் ஒரே நீளப் பட்டியலாக முன்னுரிமை எழுதாதீர்கள். மூன்று பட்டியல், மூன்று முதலிடம்.

வீடு ஓர் இடம், குழாய் ஓர் இடம்

ஊருக்கு வெளியே இருபது வீடு எழும்பும். மேல்நிலைத் தொட்டியின் குழாய் அரை கிலோமீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். வீட்டுக்குத் திட்டம் எழுதும் அதே கூட்டத்தில் குழாய் நீட்டிப்பையும் விளக்குக் கம்பத்தையும் எழுத வேண்டும். தொட்டியின் கொள்ளளவையும் பாருங்கள்: ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்பது வீட்டுக்கு வீடு குழாய் தரும் மத்திய அரசின் ஜல் ஜீவன் திட்டக் கணக்கு. நூறு பேர் கூடினால் 5,500 லிட்டர் கூடுதல். மோட்டார் ஓடும் நேரமும் கூடும், கரன்ட் பில்லும் கூடும்.

வார்டுக்குச் சமமாகப் பிரிப்பது

நான்கு லட்சத்தை ஒன்பது வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்குச் சுமார் 44 ஆயிரம். அந்தக் காசில் எந்த வடிகாலும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் வரை போகாது.

கட்டுவதற்கு மட்டும் காசு தேடுவது

சுத்திகரிப்புக் குடிநீர் இயந்திரம் வைக்கலாம். வடிப்பான் மாற்றும் செலவு எந்தக் கணக்கிலிருந்து என்று தீர்மானத்திலேயே எழுதாவிட்டால், அது பூட்டிய கூண்டாக நிற்கும். சமுதாயக்கூடத்துக்கும் அதே கதை. வாடகை எவ்வளவு, சாவி யாரிடம்?

'அடிப்படை வசதிகள் செய்து தர வேண்டும்'

இப்படி எழுதிய தீர்மானத்துக்கு மதிப்பீடு போட முடியாது. தெருப் பெயர், யார் வீட்டிலிருந்து எதுவரை, எத்தனை மீட்டர், என்ன அகலம்.

குறைவெண் வரம்பு

கிராம சபை செல்ல இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும்: மக்கள்தொகை 500 வரை 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. எண்ணிவிட்டு ஆரம்பியுங்கள்.

மே 1-இல் தூங்கி அக்டோபர் 2-இல் விழிப்பது

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆறு சபைகள் இருக்கின்றன. அடுத்த வருடத் திட்டத்துக்கான பேச்சு சூடு பிடிப்பது அக்டோபரில். மனைப் பட்டியல் அதற்குள் வட்டாட்சியர் மேசைக்குப் போயிருக்க வேண்டுமென்றால், குடிசைக் கணக்கை மே மாதமே எடுத்து, ஆகஸ்ட் 15 சபையில் புல எண்ணோடு வாசித்துவிடுங்கள். வாசிக்கும்போது யார் பெயராவது விட்டிருந்தால் அங்கேயே எழுந்து சொல்வார்கள். திருத்துவதற்கு ஒன்றரை மாதம் கையில் இருக்கும்.