செய்திக்கான ஆவணத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெறுவது எப்படி?

அரசுப் பணிகளைப் பற்றிய செய்தியை அலுவலர்களின் வாய்மொழியை மட்டும் நம்பி எழுதாமல் ஆவணத்தோடு எழுத விரும்பும் செய்தியாளருக்கு, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பெரிதும் உதவும். தமிழ்நாட்டு அரசு அலுவலகமாயின், விண்ணப்பத்தில் 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, அவ்வலுவலகத்தில் தகவல் தருவதற்கென உள்ள பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். தகவல் எதற்காக என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்வியை அமைப்பதில்தான் திறமை இருக்கிறது. “சாலை ஏன் இன்னும் போடப்படவில்லை?” என்று கேட்டால், காரணம் விளக்குவது தம் கடமையன்று என அலுவலர் எளிதாகத் தட்டிக்கழித்துவிடுவார். மாறாக, சாலையின் பெயரையும் நிதியாண்டையும் குறிப்பிட்டு, பணி ஆணை, முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம், ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டால், நழுவுவது கடினம்.

பதிலுக்கு 30 நாட்கள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடும், அதன்பின் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம். ஆகவே நாளைய இதழுக்கான செய்திக்கு இவ்வழி பயன்படாது.

நகல் கைக்கு வந்ததும் அச்சுக்கு அனுப்பிவிடாமல், நேரில் சென்று சாலையை ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொறியாளரிடமும் ஒப்பந்ததாரரிடமும் விளக்கம் கேட்டு, அவர்கள் பேச மறுத்தால் அதையும் செய்தியிலேயே குறிப்பிட வேண்டும்.