பெற்றோர் குறை சொன்னால் தொடக்கப்பள்ளி செய்ய வேண்டியது

குறைகள் பெரும்பாலும் காலை மணியடிக்கும் நேரத்தில்தான் வரும். வாசலிலேயே பதில் சொன்னால் வாக்குவாதமாகிவிடும். "சாயங்காலம் நாலு மணிக்கு வாங்கம்மா, உட்கார்ந்து பேசலாம்" என்று நேரம் கொடுங்கள்.

தனியாக ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, வகுப்பு, குறை, பொறுப்பாளர், பதில் சொன்ன நாள். குறையை அவர்கள் வார்த்தையிலேயே எழுதி, வாசித்துக் காட்டுங்கள். கடைசிக் கட்டம் காலியாகக் கிடப்பதுதான் வழக்கமான கோளாறு. முடிவு "முடியாது" என்றாலும் ஒரு வாரத்துக்குள் சொல்லிவிட வேண்டும்.

"பை கனமாக இருக்கு" என்றால் விளக்கம் வேண்டாம், தராசில் வையுங்கள். மத்திய அரசின் 2020 பள்ளிப்பைக் கொள்கைப்படி 1, 2ஆம் வகுப்புக்கு 1.6–2.2 கிலோ, 3 முதல் 5 வரை 1.7–2.5 கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலே ஒரு கிலோ! பள்ளியில் நல்ல குடிநீர் இருந்தால் அரை லிட்டர் பாட்டில் போதும். அது இல்லாமல் பாட்டிலைக் குறைக்கச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். "ஏன் வீட்டுப்பாடமே தருவதில்லை?" என்பது எதிர்த்திசைக் குறை. 1, 2ஆம் வகுப்புக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று அதே கொள்கை சொல்கிறது, நகலைக் காட்டுங்கள்.

பலரும் ஒரே குறையைச் சொன்னால், அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டுபோங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். தனிப் பிள்ளையின் விஷயத்தை மட்டும் வாட்ஸ்அப் குழுவில் பேசவே கூடாது.

ஆசிரியர் பிள்ளையை அடித்தார் என்ற புகார் இந்த நோட்டுக்குரியதல்ல. அச்சட்டத்தின் 17ஆம் பிரிவு அதைத் தடைசெய்கிறது. அன்றே மேலதிகாரிக்கு எழுத்தில் போக வேண்டும்.