ஒற்றை எஞ்சின் பழைய விமானம் வாங்கப் போகிறீர்களா? கடனுக்கு முன்னால் உப்பைப் பாருங்கள்

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டுக்கு வருடா வருடம் பெயிண்ட் அடிக்க வேண்டும். ஒரு வருடம் விட்டால் போதும், கீல் கையோடு வந்துவிடும். 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே சுரண்டிச் சுரண்டிப் பெயிண்ட் அடித்துத்தான் காப்பாற்றினார்கள். கடைசியில் 2022 டிசம்பரில் அதில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபம் முகாமில் ஒரு நிலையம் வைத்திருப்பதும் இந்த உப்புக் காற்றுக்காகத்தான். அதனால் பழைய விமானம் வாங்குவதில் பாதிப் பாடம் நம் கரைக்காரர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதி கடனும் காகிதமும்.

நான் ஃப்ளோரிடாவில் வேலை பார்த்தபோது இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ஒரு செஸ்னா 172 (நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம்) வைத்திருந்தேன். இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே பறக்கக் கற்கும் நம் பக்கத்துத் தம்பி தங்கைகள் கேட்பதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன். எல்லாம் அமெரிக்கச் சந்தைக் கணக்கு. இந்தியாவில் விமானப் போக்குவரத்து ஆணையகமான டி.ஜி.சி.ஏ.-வின் நடைமுறை தனி. சின்ன பிஸ்டன் எஞ்சினுக்கான ஏவ்காஸ் பெட்ரோலும் இங்கே எல்லா விமான நிலையத்திலும் கிடைப்பதில்லை.

படி 1: உங்கள் பெயரில் பதிய முடியுமா?

அமெரிக்கப் பதிவு எண் 'என்' எழுத்தில் தொடங்கும். தனிநபர் தன் பெயரில் பதிய வேண்டுமானால் அமெரிக்கக் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். எச்-1பி விசாவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒரு டிரஸ்ட் வழியாகத்தான் வைத்துக்கொள்கிறார்கள். அதற்கு வருடக் கட்டணம் உண்டு. விமானத்தைப் பார்க்கப் போவதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

படி 2: இன்சூரன்ஸ் விலை கேளுங்கள்

பலர் இதைக் கடைசியில் கேட்டு மாட்டிக்கொள்கிறார்கள். பறந்த மணி குறைவாக இருந்தால் பிரீமியம் கூடும். கடன் கொடுப்பவர் விமானத்தின் முழு மதிப்புக்கும் இன்சூரன்ஸ் கேட்பார். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்துப் போடாதீர்கள். அப்படிப் போட்டால், நடுத்தரச் சேதத்துக்கே 'முழுச் சேதம்' என்று கணக்கை முடித்துவிட்டு விமானத்தை இன்சூரன்ஸ்காரர்கள் எடுத்துக்கொள்ள முடியும்.

படி 3: கடனும், கடனில் சேராத கடனும்

வழக்கமாக விலையில் 15 முதல் 20 சதவீதம் கையிலிருந்து போட வேண்டும். மீதியை 15 அல்லது 20 வருடத்தில் அடைக்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். விலை 80,000 டாலர், கையிலிருந்து 16,000, கடன் 64,000, வட்டி 8 சதவீதம். 15 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 612 டாலர். 20 வருடம் என்றால் 535. மாதம் 77 டாலர் மிச்சம்தான், ஆனால் முடிவில் 18,000 டாலருக்கு மேல் அதிகமாகக் கட்டியிருப்பீர்கள்.

சரி, இது எல்லாரும் போடும் கணக்கு. போடாமல் விடுவது எஞ்சின் கணக்கு. பல 172-களில் வரும் லைகோமிங் கம்பெனியின் ஓ-320 எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிக்க, தயாரித்தவர் சொல்லும் அளவு 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம். சொந்த உபயோகத்துக்கு அது சட்டக் கட்டாயம் இல்லை. இருந்தாலும் ஒருநாள் செலவு வந்தே தீரும். அந்தச் செலவு 35,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பித்த எஞ்சினாக வாங்கினால், பறக்கும் ஒவ்வொரு மணிக்கும் பதினேழரை டாலர் தனியே எடுத்து வைத்தால் போதும். 1,400 மணி ஓடிய எஞ்சினை வாங்கினால் மீதி 600 மணிதான். அதே 35,000-ஐ அதற்குள் சேர்க்க மணிக்கு 58 டாலர் வேண்டும். விலை குறைவான விமானம் பல நேரம் இப்படித்தான் குறைவாக இருக்கிறது. சம்மாட்டிகள் (படகு முதலாளிகள்) பழைய படகு பேரம் பேசும்போது எஞ்சினுக்குத் தனி விலை, உடலுக்குத் தனி விலை என்று மனதுக்குள் பிரித்துப் பார்ப்பார்கள். நீங்களும் அப்படியே பாருங்கள்.

இதோடு நிறுத்துமிட வாடகை, வருடாந்திரச் சோதனை, மணிக்கு 8 அல்லது 9 கேலன் பெட்ரோல். வருடத்துக்கு 50 மணிகூடப் பறக்க மாட்டீர்கள் என்றால் வாடகை விமானமே மேல் என்பது என் எண்ணம். இல்லையென்றால் மூன்று பேர் பங்கு சேருங்கள். எஞ்சின் நிதிக்கு யார் எவ்வளவு, ஒருவர் விலகினால் பங்கை எப்படி மதிப்பது, இடித்தால் யார் செலவு என்பதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 4: எங்கே கிடந்தது, எவ்வளவு நாள் கிடந்தது?

எங்கள் விமானத்தில் நாங்கள் ஏமாந்தது இங்கேதான். புதுப்பித்த பிறகு எஞ்சின் வெறும் 700 மணி ஓடியிருந்தது. பார்த்ததும் மூன்று பேருக்கும் ஆசை. கடலோர ஓடுதளத்தில் அது இரண்டு வருடம் அசையாமல் கிடந்ததை, பறப்பும் பராமரிப்பும் எழுதி வைக்கும் லாக் புத்தகத்தில் படித்தும், நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. உப்புக் காற்றில் வளர்ந்தவன் நான், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்கி 40 மணி பறப்பதற்குள் எண்ணெய் வடிகட்டியில் இரும்புத் துகள் மின்னியது. வால்வுகளைத் திறக்கவைக்கும் கேம் ஷாஃப்ட் துருப்பிடித்துத் தேய்ந்திருந்தது. எஞ்சினை முழுதாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

காரணம் எளிது. லைகோமிங்கில் கேம் ஷாஃப்ட் மேலே இருக்கிறது. எஞ்சின் சும்மா கிடந்தால் அதன் மேலிருந்த எண்ணெய் வடிந்துவிடும். வெறும் இரும்பில் ஈரமும் உப்பும் வேலையைத் தொடங்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றினால், அப்பா இடையிடையே எஞ்சினை ஓட்டி நிறுத்துவார். விமானத்தில் அந்தப் பழக்கம் ஆகாது. தரையில் பத்து நிமிடம் ஓட்டினால் எண்ணெய் போதிய சூடாகாது, உள்ளே ஈரம்தான் கூடும். பறக்க வேண்டும், அதுவும் ஒரு மணி நேரமாவது.

ஆகவே லாக் புத்தகத்தில் மொத்த மணியைப் பார்த்துவிட்டு மூடாதீர்கள். வருடம் வருடமாக எத்தனை மணி பறந்தது, எந்த ஊரில் நின்றது என்று எழுதிக் கணக்கெடுங்கள். 2,000 மணியை நெருங்கினாலும் வாராவாரம் பறந்த எஞ்சினை நான் நம்புவேன்.

படி 5: மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்

அந்த விமானத்தை இதுவரை பராமரிக்காத மெக்கானிக்காக இருக்க வேண்டும். வாங்கும் முன் செய்யும் சோதனைக்குச் சட்டத்தில் வரையறை கிடையாது. என்னென்ன பார்க்க வேண்டும் என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும்.

முதலில் அரிப்பு. இரும்புத் துரு சிவப்பாக இருக்கும், அலுமினியம் அரித்தால் வெள்ளை மாவாகப் பூக்கும். அந்தக் காலத்துச் செஸ்னாக்களில் பலவற்றுக்கு உள்பக்கம் பிரைமர் அடிக்கவே இல்லை. இறக்கைக்குக் கீழே உள்ள சோதனை மூடிகளைத் திறந்து விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரிவெட் வரிசையில் பெயிண்ட் கொப்பளித்திருக்கிறதா, கீல்கள், கட்டுப்பாட்டுக் கம்பிகள், பேட்டரிக்கு அடியில் எப்படி என்று பாருங்கள். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும்.

அடுத்து எஞ்சின். சிலிண்டர்களின் அழுத்தச் சோதனை 80-க்கு எத்தனை என்று வரும். 70-க்கு மேல் இருந்தால் நிம்மதி. போரோஸ்கோப் என்ற சின்னக் கேமராவை உள்ளே விட்டு வால்வுகளைப் பார்க்கலாம், வடிகட்டியை வெட்டிப் பார்க்கலாம். 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடலில் ஓ-320-எச்2ஏடி எஞ்சின் இருக்கும். அதில் கேம் தேய்மானம் பேர்போன தொல்லை. 1981-இல் தொடங்கும் 172பி (P) மாடலில் வேறு வகை எஞ்சின். பணம் இருந்தால் நான் பின்னதைத்தான் எடுப்பேன்.

அப்புறம் ஏ.டி. எனப்படும் கட்டாயப் பாதுகாப்பு உத்தரவுகள். ஒவ்வொன்றும் நிறைவேற்றப்பட்டதற்கு லாக் புத்தகத்தில் பதிவு இருக்க வேண்டும். லாக் புத்தகங்களில் ஒன்று தொலைந்திருந்தாலே விலையை நன்றாகக் குறைத்துக் கேளுங்கள்.

படி 6: காகிதம்

ஆர்.சி. புத்தகத்தில் ஃபைனான்ஸ் கம்பெனி பெயர் இருக்கிறதா என்று பார்ப்பது போலத்தான். அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்.ஏ.ஏ.-வின் பதிவகம் ஓக்லஹோமா சிட்டியில் இருக்கிறது. விமானத்தின் மேல் பழைய கடனோ மெக்கானிக்கின் பாக்கியோ பதிவாகியிருக்கிறதா என்று தேடித் தரும் நிறுவனங்கள் உண்டு. பணத்தை விற்பவர் கையில் நேரடியாகக் கொடுக்காமல் விற்பனை முடியும்வரை மூன்றாவது ஆள் வைத்திருக்கும் எஸ்க்ரோ கணக்கில் போடுங்கள். விற்பனைப் பத்திரமும் பதிவு விண்ணப்பமும் பதிவகத்துக்குப் போகும்.

படி 7: முதல் வருடம்

50 மணிக்கு ஒருமுறை அல்லது நான்கு மாதத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது எண்ணெய் மாற்றுங்கள். ஒவ்வொரு முறையும் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புங்கள். ஒரு தடவை வரும் அறிக்கை அதிகம் சொல்லாது, நாலைந்தை வரிசையாக வைத்தால் எஞ்சின் போகும் திசை தெரியும். வருடாந்திரச் சோதனையின்போது மூடிகள் திறந்திருக்கும், அப்போதே உள்ளே அரிப்புத் தடுப்பு எண்ணெய் தெளிக்கச் சொல்லிவிடுங்கள். லாக் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். அசலை விமானத்துக்குள் விட்டுவிட்டு வராதீர்கள்.