எரிகட்டி புகைகிறதா? முதலில் உடைத்துப் பாருங்கள்

உமி, மரத்தூள், கரும்புச் சக்கை, கடலைத் தொலி எல்லாவற்றையும் அமுக்கி எரிகட்டி ஆக்கலாம். அது புகைந்தால் அடுப்பைத்தான் குறை சொல்கிறோம். பெரும்பாலும் குற்றம் ஈரத்தின் மேல்தான்.

மேலே தொட்டால் காய்ந்தது போலத்தான் இருக்கும். ஒரு கட்டியை நடுவில் உடைத்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று பட்டால் இன்னும் காயவில்லை. அதை அடுப்பில் போட்டால் சூட்டில் ஒரு பகுதி தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தீ தணிந்து, எரிய வேண்டிய வாயு எரியாமல் புகையாக வெளியே வரும்.

இயந்திரத்தில் அழுத்துகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான், வேறு வடிவில். அழுத்தத்திலும் சூட்டிலும் தாவரத்திலேயே உள்ள லிக்னின் என்ற பொருள் இளகி ஒட்டிக்கொள்ளும் என்பதால் தனிப் பசை வேண்டாம். ஆனால் தூளில் ஈரம் 8 முதல் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் உள்ளே கிளம்பும் நீராவி கட்டியைப் பிளந்துவிடும். ரொம்பக் காய்ந்தாலும் சரியாகப் பிடிக்காது.

கை அச்சில் அந்தச் சூடு கிடையாது. அதிலும் கரித்தூள் என்றால் பசை இல்லாமல் நிற்கவே நிற்காது. பசைக்கென்று பச்சை மாவை அப்படியே தூவிப் பிசைந்தால் காய்ந்ததும் உதிரும். மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, பளபளவென்று கெட்டியான பிறகு கலக்குங்கள். சிக்கனம் என்று களிமண்ணை அள்ளிப் போடாதீர்கள். மண் எரியாது, சாம்பலோடு சாம்பலாக அடுப்பை அடைக்கும். உமியில் ஏற்கெனவே எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை சாம்பல் இருக்கிறது, பெரும்பாலும் சிலிகா, அதாவது மணலில் இருக்கும் அதே எரியாத பொருள். மரத்தூள் கலந்தால் அது குறையும்.

சாக்குப் பிசிறு, பிளாஸ்டிக் கயிறு, பெயின்ட் அடித்த மரத்தின் தூள் எதுவும் உள்ளே போகக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசிப்பது சமைக்கிறவர்தான்.

இன்னொரு தவறு உயிருக்கே ஆபத்து. கரிக்கட்டி புகையாது, அதனால் பயமில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டு எரிப்பது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஜன்னலும் கதவும் திறந்தே இருக்கட்டும்.

அப்புறம், காய்ந்த கட்டிகளை வெறுந்தரையில் அடுக்காதீர்கள். ஈரம் ஏறினால் ஊதி உதிர்ந்துவிடும். பலகை மேல், கூரைக்குக் கீழ் வையுங்கள்.